பேரீச்சம்பழமும் பிரசவ அறையும்

கம்பம் பள்ளத்தாக்கில் நம் வீட்டுப் பெண் கருவுற்றால் முருங்கைக் கீரையும் பேரீச்சம்பழமும் பன்னீர் திராட்சையும் தேடி வரும். பிள்ளை பெற்றபின் நன்னிமார் கிண்டித் தரும் லேகியம் தனி. இவற்றை நாம் குறை கூறவில்லை. பிரசவ வேதனையில் தவித்த மர்யம் (அலை) அவர்களுக்கு இறைவன் அருளியதும் பேரீச்சங்கனியே.

ஆனால், ‘இயற்கை’ என்ற சொல் மருத்துவமனையைத் தவிர்க்கும் சாக்காக மாறுவதே நம் அச்சம். 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளை நம்பி வீட்டிலேயே பிள்ளை பெற்ற ஆசிரியை ஒருவர் உதிரப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே தேனியை அடுத்த கோடாங்கிபட்டியிலும் ஒரு வீட்டுப் பிரசவம். உதவ வந்த மருத்துவக் குழுவைக் குடும்பத்தார் ஏற்க மறுத்தனர்.

குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்கியாக வேண்டும். சுருங்காவிடில் நிமிடங்களில் உதிரம் வெள்ளமாகப் பெருகும். அவ்வேளையில் ஆக்சிடோசின் ஊசியும் ஏற்றுவதற்கு இரத்தமும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். கம்பத்திலிருந்து தேனிக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதற்கும் அப்பால்.

கர்ப்பிணிக்கு நோன்பிலேயே சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. மருத்துவமனைக்குச் செல்வது தவக்குலுக்கு எவ்வாறு முரணாகும்?

மாமியார்மாருக்கு ஒரு வேண்டுகோள். மருமகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவ வேண்டாம். ஓராண்டு நிறையும்வரை அது ஆபத்து. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடாமல், முதல் மணி நேரத்திலேயே பிள்ளையைத் தாயின் மார்பில் சேருங்கள்.