வாயிலிருந்து வளைகுடாவுக்கு



பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும்போது, உதட்டோரத்தில் ஒரு சின்னக் குழாய் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டே இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? எச்சில், தண்ணீர், ட்ரில் குடைந்த தூள் எல்லாம் அதற்குள் போய்விடும். நம் கவலையெல்லாம் வலிக்குமா, இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும் என்பதிலேயே இருக்கும். அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

இந்த மாதம் நாம் கேட்டுப் பார்க்கலாம்.

நம்மில் நாற்பதைத் தாண்டிய பலருடைய கடைவாய்ப் பல்லில் சாம்பல் நிற அடைப்பு ஒன்றாவது இருக்கும். ஊரில் பள்ளிக்கூட நாளில் போட்டது. 'சில்வர் ஃபில்லிங்' என்று பெயர் என்னவோ வெள்ளியைத்தான் சொல்லும். எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம். மீதியில் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. அமால்கம் என்கிற இந்தக் கலவை 150 ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பற்களைக் காப்பாற்றியிருக்கிறது. விலை குறைவு, வருஷக்கணக்கில் உழைக்கும். அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஃபில்லிங்கோடுதானே நாம் விமானம் ஏறி அமெரிக்கா வந்தோம்?

இருபது, முப்பது வருஷம் கழித்து அது விரிசல் விடுகிறது. "இதை எடுத்துட்டு கிரௌன் போட்டுடலாம்" என்கிறார் டாக்டர். ட்ரில் ஓடுகிறது, அடைப்பு தூளாகிறது, குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ பல்லுக்குள் போன பாதரசம் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் வெளியே வருகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் டார்ச் லைட்டோடு கண்ணாடி முன் நிற்க வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் அமால்கத்தைப் பயந்துபோய் எடுக்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2020இல் சொன்னது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சின்னக் குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் போன்றோருக்குப் புதிதாகப் போடுவதை முடிந்தவரை தவிர்க்கலாம் என்பது அதன் பரிந்துரை. இந்தப் பக்கத்தின் விஷயம் வாயில் இருக்கும் பாதரசம் இல்லை. சாக்கடைக்குப் போகும் பாதரசம்.

நகரத்தின் கழிவுநீர் நிலையம் அதைச் சுத்தம் செய்துவிடாதா? ஓரளவுக்குச் செய்யும். வரும் பாதரசத்தில் சுமார் 90 சதவீதம் அங்கே கசடோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். அப்புறம் அந்தக் கசடை என்ன செய்வார்கள்? சில இடங்களில் எரிக்கிறார்கள்; பாதரசம் காற்றில் ஏறி மழையோடு இறங்கும். சில இடங்களில் வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். சில இடங்களில் குப்பைமேட்டில் புதைக்கிறார்கள். பிடிபடாத மிச்சம் ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. இடம் மாறுகிறதே தவிர, பாதரசம் அழிவதில்லை. அது ஒரு தனிமம், அழிக்கவும் முடியாது.

நீருக்கடியில் சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும்போதுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. சேற்றிலிருந்து நுண்ணுயிர்களுக்கு, அங்கிருந்து சின்ன மீனுக்கு, சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனுக்கு என்று ஒவ்வொரு படியிலும் அதன் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். கடைசிப் படியில் நம் தட்டு. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்கும். ஜப்பானில் மினமாட்டா ஊர் மக்கள் 1950களில் மீன் சாப்பிட்டுப் பட்ட பாட்டை உலகம் இன்னும் மறக்கவில்லை.

இங்கே நம் வீட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்து போடுவது நம் வழக்கம். பிரசவம் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மாக்கள் இங்கேயும் சுறா எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். ஆனால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சின்னக் குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்கள் என்று எஃப்.டி.ஏ. போட்டிருக்கும் பட்டியலில் சுறா இருக்கிறது. நம் வஞ்சிரத்துக்கு நெருங்கிய உறவான கிங் மாக்கரலும் இருக்கிறது. பெரிய மீன், நீண்ட ஆயுள், நிறையப் பாதரசம். அதே நிறுவனம் சிறந்தவை என்று சொல்லும் பட்டியலில் மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். நெத்திலிக் குழம்பு வைக்கச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி வாசகர்களுக்குப் பாதரசம் பக்கத்து வீட்டுச் சமாசாரம். வார இறுதியில் குழந்தைகளோடு நடக்கப் போகிறோமே, சான் ஹோசேயின் அல்மடென் குவிக்சில்வர் பார்க், அது ஒரு பாதரசச் சுரங்கம். 1840களில் தொடங்கி 1970கள் வரை ஓடியது. சியரா மலைகளில் தங்கம் தேடியவர்கள் மண்ணிலிருந்து தங்கத்துகளைப் பிரிக்கப் பாதரசத்தைத்தான் ஊற்றினார்கள். அப்படி ஊற்றியதில் சுமார் 1 கோடி பவுண்டு அந்த மலைப்பகுதிகளிலேயே சிந்திப்போனதாக அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி ஆறுகளோடு இறங்கி வளைகுடாவின் சேற்றில் படிந்துகிடக்கிறது. அல்மடென் ஏரிக்கரையில் 'இந்த மீனைச் சாப்பிடாதீர்கள்' என்று பலகை வைத்திருப்பதோ பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்த பாதரசத்தால்.

அவ்வளவு பாதரசம் ஏற்கெனவே கிடக்கும்போது பல் டாக்டரின் தூளைப் பிடித்து என்ன ஆகப்போகிறது? நியாயமான கேள்வி. வளைகுடாவின் அடியில் பரவிவிட்டதை அள்ளி எடுக்க இன்று யாராலும் முடியாது. தினம் தினம் புதிதாகச் சேர்வதை மட்டும்தான் தடுக்க முடியும். கழிவுநீர் நிலையங்களுக்கு வந்துசேரும் பாதரசத்தில் ஏறத்தாழப் பாதி பல் கிளினிக்குகளிலிருந்து வருவதாக இ.பி.ஏ. என்ற சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கணக்குப் போட்டது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 5.1 டன்.

கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். பாதரசக் கழிவுப் புகாரில் 2001இல் மூடினார்கள். அங்கே விரலை நீட்ட ஒரு கட்டடம் இருந்தது, ஒரு நிறுவனம் இருந்தது. இங்கே அமால்கம் போடும், எடுக்கும் கிளினிக்குகள் ஏறக்குறைய 1 லட்சம். ஒவ்வொன்றும் சிந்துவது கொஞ்சம். எந்த டாக்டரும் கெட்டவர் இல்லை. யாரை எதிர்த்துக் கொடி பிடிப்பது?

கொடி பிடிக்காமலேயே இதற்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். அரிசியில் கல் பொறுக்குவது உலையில் போடுவதற்கு முன்பா, சோறு வெந்த பிறகா? பல் நாற்காலிக்கும் சாக்கடைக்கும் நடுவில், உறிஞ்சும் குழாயின் பாதையிலேயே ஒரு டப்பாவைப் பொருத்திவிட வேண்டியது. அமால்கம் செபரேட்டர் என்று பெயர். பெரும்பாலும் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. அமால்கத் தூள் கனமானது. தண்ணீரின் வேகத்தைக் குறைத்தால் தானே அடியில் படியும். சிலவற்றில் வடிகட்டியும் உண்டு, சிலவற்றில் சுழற்றிப் பிரிக்கும் மோட்டாரும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 11143 என்ற தரத்தின்படி, வருகிற அமால்கத்தில் 95 சதவீதத்தையாவது அது பிடிக்க வேண்டும். டப்பா நிறைந்ததும், நிறையாவிட்டாலும் தயாரிப்பாளர் சொன்ன கெடுவிலாவது, மாற்றிவிட்டுப் பழையதை மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவு எளிதான காரியத்துக்கு எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? ஜெர்மனி 1990களிலேயே செய்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோ, பாலோ ஆல்டோ போன்ற நம் ஊர்கள் 2000களின் நடுவில் உள்ளூர் விதியாகக் கொண்டுவந்தன. அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2007இல் செபரேட்டரைத் தன் நல்நடைமுறைப் பட்டியலில் சேர்த்தது. 2008இல் 'விரும்பிச் செய்யுங்கள்' என்று ஓர் ஒப்பந்தம் போட்டுப் பார்த்தார்கள். சிலர் விரும்பினார்கள், நிறையப் பேர் விரும்பவில்லை.

கடைசியில் 2016 டிசம்பரில் இ.பி.ஏ. நாடு முழுவதற்குமான விதியில் கையெழுத்திட்டது. அடுத்த மாதமே ஆட்சி மாறியது. புது விதிகளையெல்லாம் நிறுத்திவைக்கும் உத்தரவில் இதுவும் திரும்பப் பெறப்பட்டது. என்.ஆர்.டி.சி. என்ற சுற்றுச்சூழல் அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 2017 ஜூன் 14 அன்று விதி மறுபடி வெளியானது. கிளினிக்குகளுக்குக் கொடுத்த கெடு 2020 ஜூலை 14. கொரோனாக் காலத்தின் நடுவே வந்த தேதி என்பதால் செய்தியில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

செலவு? ஒரு கிளினிக்குக்கு வருஷத்துக்குச் சராசரியாக 800 டாலர் ஆகும் என்பது இ.பி.ஏ. அப்போது போட்ட மதிப்பீடு. ஒரு கிரௌனுக்கு நாம் கொடுக்கும் பில்லைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சின்னத் தொகை என்று சொல்லத் தேவையில்லை. தனியாகக் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு விதி என்றாலே எரிச்சல் வரும், அது எனக்கும் புரிகிறது. ஆனால் இந்த ஒன்றில் நான் விதியின் பக்கம்தான்.

டப்பா வைத்தால் மட்டும் முடிந்துவிடாது. குழாய்களை ப்ளீச் போன்ற சரக்கால் கழுவினால், பிடித்துவைத்த அமால்கத்திலிருந்து பாதரசம் கரைந்து மறுபடி ஓடிவிடும். அதனால் அதற்கும் தடை உண்டு. மிஞ்சிய அமால்கத்தை சிங்க்கில் கொட்டக்கூடாது.

"நாங்க அமால்கமே போடுறதில்லை, எல்லாம் வெள்ளைக் கலர் ஃபில்லிங்தான்" என்று பல கிளினிக்குகள் பெருமையாகச் சொல்கின்றன. நல்லது. பழையதை எடுக்கிறார்களா என்பதல்லவா கேள்வி? இன்று சாக்கடைக்குப் போவதில் பெரும்பங்கு எடுக்கும்போது வருவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து அமால்கம் போடுவதை அநேகமாக நிறுத்திவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும், இந்தியாவும் 2018இல் சேர்ந்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், 2034க்குள் அதைக் கைவிடுவது என்று 2025 நவம்பரில் ஜெனீவாவில் முடிவெடுத்தன. அதற்குப் பிறகும் நம் தலைமுறையின் வாயில் இருப்பது இருக்கத்தானே செய்யும்? ஒவ்வொன்றாக அது வெளியே வந்துகொண்டிருக்கும் வரைக்கும் அந்த டப்பாவுக்கு வேலை இருக்கும்.

ஆகவே, அடுத்த முறை க்ளீனிங்குக்குப் போகும்போது ரிசப்ஷனில் சும்மா கேட்டுப் பாருங்கள்: "உங்க செபரேட்டரைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?" சட்டப்படி அதற்கான ரெக்கார்டை அவர்கள் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சரியாகச் செய்கிற கிளினிக்குக்கு இந்தக் கேள்வி சந்தோஷத்தையே கொடுக்கும்.

இன்னொன்று. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு வந்த பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் மருந்து அலமாரியில் கிடக்கிறதா? குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அபாயக் கழிவு வாங்கும் மையம் பல கவுன்ட்டிகளில் இருக்கிறது. வீட்டுக்காரர்களிடம் பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. உடைந்துவிட்டால் வாக்குவம் க்ளீனரை எடுக்கவே எடுக்காதீர்கள். பாதரசத்தை அது காற்றில் பரப்பிவிடும்.

நம் வாசகர்களில் பல் டாக்டர்கள் கணிசமாக இருக்கிறார்கள். உங்கள் கிளினிக்கில் டப்பா எத்தனை நாளில் நிறைகிறது, மறுசுழற்சிக்காரர் என்ன வாங்குகிறார், விதியில் எது உதவுகிறது, எது வெறும் காகித வேலை என்று எழுதுங்கள். ஊரில் கிளினிக் வைத்திருப்பவர்களும் எழுதலாம். அடுத்த இதழின் கடிதப் பகுதியில் இரண்டு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்