அடுப்பை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்



பாடசாலை விடுமுறை வந்தால் வேன் பிடித்துப் பயணம் புறப்படுவது நம் குடும்பங்களின் வழக்கம். இம்முறை அயல்வீட்டாரையும் கூட்டாளிமாரையும் சேர்த்துக்கொண்டு ஹுன்னஸ்கிரியப் பக்கம் போய் வாருங்கள். கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் பாதையில் ஹுன்னஸ்கிரியவில் இடப்புறம் திரும்பினால், லூல்வத்தை வழியாக மீமுரே வரை செல்லலாம். இது நக்கிள்ஸ் மலைத்தொடர். 2010ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டில் இதுவும் அடங்கும்.

இங்கே காட்டை அடுத்துப் பத்தனாப் புல்வெளிகள் விரிந்து கிடக்கின்றன. வெறும் புல்தானே என்று எண்ணிவிடாதீர்கள். மானாப்புல்லைத் தோட்டத்துப் பெண்கள் நன்கறிவார்கள். களைத்துப்போன தேயிலை நிலத்தைத் தேற்ற அந்த இனப் புல்லைத்தான் நடுகிறார்கள். பூக்கும் காலத்தில் புல்லிடையே ஊதா நிறப் பினர மலரையும், போவிட்டியாவையும் காணலாம். கிழக்குச் சரிவில் நெல்லி, கடுக்காய், தான்றி மரங்கள் தனித்தனியே நிற்கும். திரிபலா சூரணத்தின் மூன்று சரக்கும் இவைதாம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஆனால் வரட்சியும் காற்றும் சேர்ந்த நாளில் இந்தப் புல்லுக்கு ஒரு பொறி போதும். எரிந்தாலும் வேர் பிழைத்துத் துளிர்க்கும் என்பது உண்மையே. எனினும் துளிர்க்கும் முன் பெருமழை வந்தால் திறந்து கிடக்கும் மண் கரைந்து ஓடும். இம்மலையில் பிறக்கும் ஹுளு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அந்த மண்ணும் அங்கேதான் போய்ச் சேரும். அடிக்கடி எரிந்தால் காட்டின் ஓரமும் சிறிது சிறிதாகப் பின்வாங்கும்.

நமது பயணங்களில் நடப்பது என்ன? மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுகிறோம். ஆண்கள் பிள்ளைகளோடு மலையேறுகிறார்கள். தாய்மார் புகைக்குள் அமர்ந்து பானையைக் காக்கிறார்கள். அவர்கள் அங்கே கண்டதும் வீட்டில் தினமும் காணும் அதே சோற்றுப் பானைதான்! புல்வெளிக்கும் ஆபத்து, பெண்களுக்கும் நஷ்டம்.

ஆகவே முதல்நாளே வீட்டார் எல்லோரும் கைகொடுத்துச் சமையலுக்கு ஆயத்தம் செய்யுங்கள். காலையில் சோற்றை வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசுங்கள். வனத் திணைக்களத்தின் அனுமதிச் சீட்டு வேண்டிய இடங்களில் அதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். பின்னேரம் மூடுபனி இறங்கும். அஸருக்கு முன்பே திரும்பப் பாருங்கள்.

இதை வாசிக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை: கைக்குழந்தையைச் சற்று நேரம் நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். உம்மாவும் அந்தப் புல்வெளியில் காலாற நடக்கட்டும்.