அடைமழையில் மீன்பாடி வண்டி - தப்பு யார் மேல?



காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கும் நமக்கு மீன்பாடி வண்டியைத் தெரியாமல் இருக்காது. மூணு சக்கரம், பழைய மோட்டார், 'டபடப' சத்தம். மழை வந்தால் எல்லாரும் அதைத்தான் திட்டுவார்கள். "இவனுங்களாலதான் டிராஃபிக்கே!" என்று நானே காதால் கேட்டிருக்கிறேன். எங்க அப்பா ஓட்டுவதும் அந்த வண்டிதான். அதனால் என் கருத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு சனிக்கிழமை விடியற்காலை. தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன். காசிமேட்டில் மீன் கூடைகளை ஏற்றிக்கொண்டு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு வந்ததும் பேய்மழை. வண்டிக்குக் கூரையும் இல்லை, முன்கண்ணாடியும் இல்லை. கண்ணையே திறக்க முடியவில்லை.

மூணு சக்கரம் இருந்தால் விழாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு! பைக்குக்கு ஒரே தடம், பள்ளத்தை ஒதுக்கிவிடலாம். இதற்கு மூணு தடம். ஒரு சக்கரம் தப்பித்தால் இன்னொன்று பள்ளத்தில் இறங்கிவிடும். திருப்பத்தில் பைக் மாதிரி சாய்க்கவும் முடியாது, வேகமாகத் திருப்பினால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிரேக் நனைந்தால் சரியாகப் பிடிக்காது.

பக்கத்தில் போன கன்டெய்னர் லாரி அலை மாதிரி தண்ணியை அடித்தது. இன்ஜின் ஆஃப்! "எறங்கித் தள்ளுடா" என்றார் அப்பா. முட்டி வரை தண்ணி. அந்த நேரம் பார்த்து போன். மீன் வாங்கும் வியாபாரி. "இன்னும் வரலையா? லேட்டானா கூலில புடிச்சுக்குவேன்!" அவ்வளவுதான், வண்டி கிளம்பியதும் அப்பா முறுக்கினார். ஒரு பள்ளத்தில் வண்டி சாய்ந்து, நல்லவேளை, நிமிர்ந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் மோட்டார் வண்டி ரோட்டில் ஓடக்கூடாது என்று 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அப்படிப்பட்ட வண்டி மோதினால் ரெண்டு குடும்பத்துக்கும்தான் கஷ்டம். ஆனால் "தடை பண்ணு" என்று சொல்வது மட்டும் தீர்வா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எங்கள் தெருவுக்கு ஆட்டோ வரவில்லை. முடியாத ஒரு பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மீன்பாடி வண்டிதான். மோட்டாரை நிறுத்திவிட்டு நாலு பேர் தள்ளிக்கொண்டே போனார்கள்.

என் கருத்து இதுதான். பதிவு செய்த நல்ல சரக்கு வண்டி வாங்க இவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வேண்டும். அதுவரை ரோடு தெரியாத அளவுக்குத் தண்ணி நின்றால் ஓட்டவே கூடாது. தண்ணியைத் தாண்டியதும் மெதுவாகப் போய், பிரேக்கை ரெண்டு மூணு தடவை லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். மழை நாளில் லேட்டானால் கூலியில் கை வைக்கக் கூடாது. லாரிக்கார அண்ணன்களே, தண்ணியில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்!

இன்னும் ரெண்டு கூடை ஐஸ் போட்டால் மீன் ஒரு மணி நேரம் தாங்கும். எங்களுக்கு அப்பா ஒருத்தர்தான்.

சிந்திப்போம்!

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்