இன்டென்ட் போட்டது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பேரன் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"தாத்தா, இதெல்லாம் வாங்கணும். எதை முதல்ல வாங்கலாம்னு பாத்துச் சொல்லுங்க."

அரசு அலுவலகத்தில் பல வருடம் கொள்முதல் கோப்பு பார்த்தவன் நான். பட்டியலைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். மொத்தம் 11 இனங்கள். எல்லாம் ஒரு விளையாட்டுக்கு.

அது என்ன விளையாட்டு என்று கேட்பீர்கள். ஒருவன் கதை சொல்வான்: "பாழடைந்த கோட்டை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது." மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்று, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று இதை வெளியிட்டபோது, பெட்டிக்குள் இருந்தவை மூன்று மெல்லிய புத்தகங்களும் சில தாள்களும்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடியதை இப்போது கணினி வழியாக ஆடுகிறார்கள். என் பேரன் கதை சொல்பவன். பாரிசில் இருக்கும் என் தம்பி பேரன், சென்னையில் ஒரு பெண், இங்கே ஒருவன், விழுப்புரத்தில் ஒருவன். சனிக்கிழமை இரவுதோறும் ஐந்து குரல்கள்.

பட்டியலில் இருந்தவை: மின்னி உருளும் பகடை, வண்ண வரைபடங்கள், பூதங்களின் படங்கள், இருட்டில் விளக்கு பிடித்தால் அந்த வெளிச்சம் விழும் இடம் மட்டும் தெரியும் வசதி, பின்னணி இசை, கதைப் புத்தகங்கள், இன்னும் சில. 'ஆட்-ஆன்' என்று பெயராம்.

"இன்டென்ட் போட்டது யார்?" என்றேன்.

விழித்தான். அலுவலகத்தில் ஒரு பொருள் வாங்க வேண்டுமென்றால், அதைப் பயன்படுத்தப் போகிற பிரிவு எழுதிக் கேட்க வேண்டும். அதுதான் இன்டென்ட். அது இல்லாமல் கொட்டேஷன் கூப்பிடக் கூடாது. ஆனால் மார்ச் மாதம் வந்தால் இந்த விதி தூங்கிவிடும். நிதியைத் திருப்பி அனுப்பக் கூடாதே! ஒரு மார்ச்சில் எங்கள் அலுவலகத்துக்கு இரண்டாவது சைக்ளோஸ்டைல் மெஷின் வந்தது. ஒன்றுக்கே முழு வேலை இல்லை. மரப்பெட்டி பிரிக்கப்படாமல் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறி, பிறகு கழிவென்று ஏலத்துக்குப் போனது. விற்றவன் ஒருவனுக்கே லாபம்.

"யாரும் கேக்கல தாத்தா. இருந்தா நல்லா இருக்கும்ல?" என்றான்.

இந்த 'இருந்தா நல்லா இருக்கும்' என்ற மூன்று சொல்லில்தான் அந்தக் கடைகள் பிழைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதைக் கேளுங்கள். ரோல்20 என்ற தளம் 2012 முதல் இருக்கிறது. காசு கட்டாத கணக்கிலேயே பலகையும் பகடையும் கிடைக்கும். அந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் யாரும் பயன்படுத்தும்படி பொது உரிமத்தில் விட்டுவிட்டார்கள். 2020இல் வந்த ஃபவுண்ட்ரி என்ற மென்பொருளுக்கு விலை உண்டு, சுமார் 50 டாலர். ஆனால் நடத்துபவன் ஒருவன் ஒருமுறை கட்டினால் போதும், மற்றவர்கள் சும்மா வந்து ஆடலாம். மாறாக, ஒரு தளத்தில் வாங்கிய புத்தகம் பெரும்பாலும் இன்னொரு தளத்துக்கு வராது. அச்சுப் புத்தகம் கையில் இருந்தாலும் மறுபடி காசு. மென்பொருளைப் புதுப்பித்தால் பழைய ஆட்-ஆன் சில சமயம் படுத்துக்கொள்ளும்.

"பணம் யாருது?" என்றேன்.

"அஞ்சு பேரும் பங்கு போடுறோம். பத்து யூரோதானேன்னு பாரிஸ்காரன் சொல்றான்."

"விழுப்புரத்துப் பையன் என்ன சொல்றான்?"

"ரெண்டு வாரமா அவன் வரல. நெட் சரியில்லையாம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். எனக்கு அந்த நெட்டைத் தெரியும். பிரெஞ்சு வழிப் பள்ளியில் நான் படித்தபோது 'ழெ த லுவா' என்ற வாத்து விளையாட்டு ஆடுவோம். 63 கட்டம். சுருட்டுத் தாளில் நாங்களே வரைந்து, புளியங்கொட்டையை நகர்த்துவோம். ஒருநாள் கடையில் பிரான்சிலிருந்து வந்த அச்சுப் பலகையைப் பார்த்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று முடிவு செய்தார்கள். அப்பாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி அந்தக் கூட்டத்திலிருந்து விலகினேன். அறுபது வருடம் கழித்து இன்றுதான் இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சில் இந்தக் கதை நடத்துபவனை 'மேத்ர் து ழெ' என்பார்கள். பள்ளி ஆசிரியரையும் மேத்ர் என்றுதான் அழைத்தோம். அவர் கையில் சாக்பீசும் வாயில் குரலும் தவிர வேறு என்ன இருந்தது? நெப்போலியனின் படையை அந்த அறைக்குள் நடத்திக் காட்டவில்லையா?

படம் வரைந்தவனுக்கும் வயிறு இருக்கிறது என்பீர்கள். சரிதான். வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்டவர் உண்டா? வந்து உட்கார எல்லாரும் கட்ட வேண்டுமா? அடுத்த வருடமும் உழைக்குமா? மூன்றுக்கும் பதில் வந்தால் வாங்கு.

பதினொன்றில் இரண்டை மட்டும் பாஸ் செய்தேன். ஒன்று, நல்ல மைக். இவன் குரல் சரியாகக் கேட்கவில்லை என்று சென்னைப் பெண் இரண்டு முறை சொல்லியிருக்கிறாள். அது முறையான இன்டென்ட். இரண்டாவது, ஒரே ஒரு கதைப் புத்தகம். அடுத்து அதைத்தான் நடத்தப் போகிறான், எழுதியவனுக்குக் கூலி போய்ச் சேரட்டும். இரண்டும் அவன் காசு. பங்கு வசூல் ரத்து. அதை நால்வருக்கும் ஒரே நேரத்தில் தெரிவிக்க வேண்டும், விழுப்புரத்துக்குத் தனியாகச் சொல்லக் கூடாது என்றும் குறிப்பு எழுதினேன். அதன் காரணத்தை அவன் கேட்கவில்லை. புரிந்திருக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் இப்படி ஒரு பட்டியல் வரும். விலையைப் பார்ப்பதற்கு முன், யார் வராமல் போனார்கள் என்று கேளுங்கள். நான் இந்தச் சனிக்கிழமை, பேரன் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். ஐந்து குரல் கேட்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.