பளபளப்பு சாட்சியாகாது!

பஞ்சாலையில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும், அறுவடை முடிந்து நாலு காசு மிஞ்சியதும், அந்தப் பணத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்து நிற்பது பழைய கதை. முன்பு அது நோட்டீசும் கையுமாக வீட்டுத் திண்ணைக்கு வந்தது. இன்று கைபேசிக்குள் வருகிறது. “எங்கள் வெப்சைட்டை நீங்களே பாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்” என்று நியாயவான் போலப் பேசுகிறது.

நாமும் பார்க்கிறோம். கண்ணாடிக் கட்டிடம், கோட்டு அணிந்த கனவான்கள், மேலே மேலே ஏறும் லாபக் கோடு, பரிசு வாங்கும் படம், அரசு முத்திரை போட்ட சர்டிபிகேட். “இத்தனை பெரிய கம்பெனியா ஏமாற்றப் போகிறது?” என்று மனம் கேட்கிறது. அந்த ஒரு கேள்வியிலேதான் பல குடும்பங்களின் சேமிப்பு பறிபோயிருக்கிறது.

தோழர்களே! வெப்சைட் என்றால் என்ன? கம்பெனிக்காரன் தானே எழுதி, தானே ஒட்டிக்கொண்ட சுவரொட்டி. அதைத் தயாரிக்கச் சில ஆயிரம் ரூபாயும் சில நாட்களும் போதும். கட்டிடத்தின் படத்தை எங்கிருந்தும் எடுத்து ஒட்டலாம். “நான் லட்சாதிபதியானேன்” என்று சொல்லும் முகங்களைக் கூலிக்குப் பிடிக்கலாம். இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிகிறதே என்பார்கள். நீங்கள் அனுப்பும் தகவலை வழியில் வேறொருவன் படிக்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் பொருள். பூட்டுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது.

ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் சாட்சியை எந்தப் பஞ்சாயத்தும் ஏற்காது. பணத்தை மட்டும் அந்தச் சாட்சியை நம்பிக் கொடுக்கலாமா? கம்பெனிக்காரன் கை வைத்து மாற்ற முடியாத இடத்தில் விசாரிக்க வேண்டும். விஷயம் முழுவதும் இதில் அடக்கம்.

முதலில் கணக்கை விசாரியுங்கள். மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் லாபம் என்று வெப்சைட் சொல்கிறதா? பென்சிலை எடுங்கள். மாதம் பத்து சதவீதம் லாபத்தை முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஐந்தாண்டில் மூன்று கோடியைத் தாண்டும். அந்த வித்தை தெரிந்தவன் தன் ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு கோடீஸ்வரன் ஆகலாமே! உங்கள் பத்தாயிரத்துக்காக ஏன் கைபேசி கைபேசியாக அலைகிறான்?

டிபாசிட் வாங்க அனுமதி பெற்ற வங்கியல்லாத நிதி நிறுவனம், ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆண்டுக்கு! மாதத்துக்கு அல்ல. பங்குச் சந்தையில் போட்டுத் தருகிறோம் என்பவர்களோ, இவ்வளவு லாபம் நிச்சயம் என்று உறுதி கூறவே கூடாது. ஆக, “நிச்சய லாபம்” என்ற சொல்லே அபாய அறிவிப்பு.

அப்படியானால் முதல் சில மாதங்கள் பணம் சரியாக வருகிறதே, எப்படி? இரண்டாவதாக வந்தவனின் முதலை எடுத்து முதலில் வந்தவனுக்கு “லாபம்” என்று கொடுக்கிறார்கள். 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி என்பவன் இதைத்தான் செய்தான். சர்வதேசத் தபால் கூப்பன் வியாபாரம் என்று சொல்லி, 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாக வசூலித்தான். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே குட்டு உடைந்தது. நூறாண்டு கடந்தும் தந்திரம் மாறவில்லை. தபால் கூப்பன் போய், தங்கம் வந்தது, ஈமு கோழி வந்தது, கிரிப்டோ நாணயம் வந்தது.

இரண்டாவது, பதிவை விசாரியுங்கள். “நாங்கள் மத்திய அரசில் பதிவு செய்த கம்பெனி” என்று வெப்சைட்டில் சர்டிபிகேட் தொங்கும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கம்பெனிச் சட்டப்படி பதிவு என்பது, பிள்ளைக்குப் பெயர் வைத்துப் பிறப்புச் சான்று வாங்கியது போல. பிறப்புச் சான்று லைசென்ஸ் ஆகுமா? ஊரார் பணத்தை வாங்க வேறு அனுமதி வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணும் அந்த அனுமதி ஆகாது.

பி.ஏ.சி.எல். என்ற கம்பெனியை நினைத்துப் பாருங்கள். அதுவும் பதிவான கம்பெனிதான். விவசாய நிலம் தருவதாகச் சொல்லி நாடெங்கும் ஏஜெண்டுகளை விட்டு வசூலித்தது. கூட்டு முதலீட்டுத் திட்டம் நடத்தச் செபியிடம் அது பதிவு பெறவே இல்லை. 2014 ஆகஸ்டில், சுமார் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்படி செபி உத்தரவிட்டது. பணம் போட்டவர்கள் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள்! சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்ற ஏழையின் கனவையே தூண்டிலில் புழுவாக்கினார்கள்.

அந்த அனுமதியை எங்கே பார்ப்பது? டிபாசிட் வாங்குகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கி; பங்கு, மியூச்சுவல் பண்டு, முதலீட்டு ஆலோசனைக்குச் செபி; சீட்டு நடத்துகிறவர்களுக்கு மாநில அரசின் பதிவுத்துறை. ரிசர்வ் வங்கி நடத்தும் ‘சசேத்’ என்ற இணையதளத்தில், ஒரு நிறுவனம் டிபாசிட் வாங்கலாமா என்று தேடலாம்; புகாரும் கொடுக்கலாம். செபியின் இணையதளத்தில் அனுமதி பெற்றவர்களின் பட்டியல் பெயரோடும் எண்ணோடும் இருக்கிறது. காசு செலவில்லை. தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளைத் துணைக்கு அழையுங்கள்.

இங்கேயும் ஒரு சூது உண்டு. நல்ல கம்பெனி ஒன்றின் பெயரையும் பதிவு எண்ணையும் திருடி, ஓரெழுத்து மாற்றிய முகவரியில் போலி வெப்சைட் போடுகிறார்கள். ஆகவே, எண் பட்டியலில் இருக்கிறது என்று நின்றுவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் உள்ள தொலைபேசிக்கே பேசிக் கேளுங்கள். வெப்சைட்டில் உள்ள எண்ணுக்குப் பேசினால் திருடனிடமே திருட்டைப் பற்றி விசாரித்ததாகும்.

மூன்றாவது, பணம் போகும் வழியைப் பாருங்கள். கம்பெனியின் பெயரில் இல்லாமல் யாரோ தனி ஆளின் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். ஆயிரம் ரூபாய் கேட்டபோது உடனே திரும்பி வந்தது என்று மயங்காதீர்கள். அது பெரிய மீனுக்குப் போட்ட இரை. திரையில் ஐந்து லட்சம் லாபம் தெரியும். எடுக்கப் போனால் “முதலில் வரி கட்டு” என்பான். திரையில் தெரிவது எழுத்து, பணம் அல்ல.

இதையெல்லாம் விடக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. அழைத்து வருபவர் அந்நியர் அல்ல. மச்சான், சித்தப்பா மகன், பக்கத்துத் தறிக்காரர். அவரும் போட்டிருப்பார், அவருக்கும் இரண்டு மாதம் வந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் விசாரிக்கவும் இல்லை. “உங்கள் மேல் சந்தேகமில்லை அண்ணே, கம்பெனியை விசாரிப்போம்” என்று சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுகிற மேதாவிகள் உண்டு. மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் கூலி எட்டாதபோது, மனிதன் நீட்டிய கையைப் பிடிக்கிறான். குற்றம் கையை நீட்டியவனுடையது. ஆனால் நஷ்டம் நம்முடையது. திருப்பூரில் 2008, 2009-ல் வெளிநாட்டு நாணய வியாபாரம் என்று சொல்லி நடந்த ‘பாசி’ மோசடியில் சுமார் 930 கோடி ரூபாய் வசூலானது. கோவைத் தனி நீதிமன்றம் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில். தீர்ப்புக்கே 13 ஆண்டு! அதற்குள் எத்தனை கல்யாணம் நின்றிருக்கும், எத்தனை படிப்பு நின்றிருக்கும்?

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இணைய மோசடி என்றால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கைமாறுமுன் தடுக்க ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். டிபாசிட் மோசடிக்குப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசிடம் எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், மோசக்காரனின் சொத்தை ஜப்தி செய்ய வழி செய்கிறது. 2019-ம் ஆண்டு மத்தியச் சட்டம், அனுமதியற்ற டிபாசிட் வசூலையே குற்றமாக்கியிருக்கிறது. ரசீது, வங்கிச் சீட்டு, வெப்சைட்டின் படம், வந்த செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

எனினும், போனபின் போராடுவதைவிடப் போகுமுன் விசாரிப்பது லேசு. இன்றே கடைசி நாள் என்று அவசரப்படுத்துகிறவனிடம் சொல்லுங்கள்: “வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணம். பத்து நாள் விசாரித்துத்தான் கொடுப்போம்.” யோக்கியன் காத்திருப்பான். மோசக்காரன் ஓடுவான்.