மூச்சு விடாமல் ஒரு பிசினஸ்

'சொந்தமா ஏதாவது தொழில் பண்ணணும் சார்' என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பக்கத்து சீட்காரரிடம் சொல்லாத ஆபீஸ் இளைஞர் உண்டா? (அப்ரைஸல் மாதத்தில் நாலு தடவை.) டீக்கடை, மொபைல் ரிப்பேர், பிரியாணி எல்லாம் தெருவுக்கு மூன்று வந்தாயிற்று. எனவே இந்த வாரம் ஒரு புது ஐட்டம்: வீட்டுக்கே போய் மூச்சு சிகிச்சை.

பிராணாயாமம் இல்லை. ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு என்று ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியவர்களை, டாக்டரின் சீட்டுப்படி வீட்டில் வைத்துக் கவனிப்பது. இன்ஹேலர், நெபுலைசர், ஆக்ஸிஜன் மெஷின் இவற்றைச் சரியாக உபயோகிக்கக் கற்றுக்கொடுப்பது. இதற்கென்றே பி.எஸ்ஸி. ரெஸ்பிரேட்டரி தெரபி என்று படிப்பு இருக்கிறது. நீங்கள் பி.காம். என்றால் படித்தவரைப் பார்ட்னராகச் சேர்த்துக்கொண்டு கணக்கை மட்டும் பாருங்கள். ஸ்டெதஸ்கோப்பைத் தொடாதீர்கள்.

எங்கே ஆரம்பிக்கலாம்? திருப்பருத்திக்குன்றம் என்று வைத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில் இருக்கும் ஜினகாஞ்சி. அங்கே த்ரைலோக்கியநாதர் கோயிலில், 1387-88-இல் விஜயநகரத்து மந்திரி இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானச் சித்திரங்களை அண்ணாந்து பார்த்தால் நமக்கே கொஞ்சம் மூச்சு நின்றுவிடும். ஆனால் நம் கஸ்டமர் கோயிலில் இல்லை, வீட்டில் இருக்கிறார். சுற்றுவட்டாரமே பட்டு நெசவு. தறிக்குழி நடுவீட்டில். அவரை ஆட்டோ பிடித்து டவுனுக்குக் கூட்டிப் போக ஒருவர் லீவு போட்டால் அன்றைக்குத் தறி ஓடாது. ஆகவே போக வேண்டியது நீங்கள்தான்.

வீடு தேடிப் போவது நடக்கிற காரியமா என்று சந்தேகம் வேண்டாம். தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவ'த்தைத் தொடங்கி, பி.பி., சர்க்கரை மாத்திரைகளையும் பிசியோதெரபியையும் வாசலுக்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டது.

போனதும் என்ன வேலை? பாதி வேலை வாத்தியார் வேலை.

"தாத்தா, பஃப்பை அழுத்தும்போதே மெதுவா உள்ளே இழுக்கணும். அப்புறம் பத்து எண்ணுற வரைக்கும் மூச்சை அடக்கணும்."

"அம்பது வருஷம் பீடி இழுத்தவன் நானு. எனக்கே இழுக்கக் கத்துக்குடுக்கறியா தம்பி?"

கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும். தப்பாக இழுத்தால் மருந்து நாக்கில் படிந்து தொண்டையோடு நின்றுவிடும். நுரையீரலுக்குப் போய்ச் சேராது. 'மருந்து சரியில்லை' என்று டாக்டரை மாற்றுவார்கள். பத்து நிமிஷப் பாடமும், ஸ்பேஸர் என்கிற பிளாஸ்டிக் குடுவையும் போதும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் கடைசியில் வாய் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். அடுப்படியில் விறகுப் புகை சுற்றுகிறதா, நெபுலைசர் மாஸ்க்கை யாராவது கழுவுகிறார்களா என்பதெல்லாம் வீட்டுக்குப் போனால்தானே தெரியும்?

அடுத்தது கான்ஸன்ட்ரேட்டர். காற்றில் 21 சதவீதம்தான் ஆக்ஸிஜன். மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். மெஷினுக்குள் இருக்கும் ஜியோலைட் மணிகள் அந்த நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜனாக வெளியே அனுப்பும். 2021 மே மாதம் இதற்காக ஊரே அலைந்தது ஞாபகமிருக்கும். வாடகைக்கு விடும் முன் கரண்ட் கணக்கைச் சொல்லிவிடுங்கள். 350 வாட் மெஷின் தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 315 யூனிட். கைத்தறி நெசவாளருக்கு 2023-இல் அரசு உயர்த்திக் கொடுத்த இலவச மின்சாரமே இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்தான்! கரண்ட் போனால் சிலிண்டர் வேண்டும். 1,500 லிட்டர் சிலிண்டர், நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால், பன்னிரண்டரை மணி நேரம் தாங்கும். பக்கத்தில் பீடியும் கூடாது, குத்துவிளக்கும் கூடாது.

இனிமேல்தான் விஷயமே. இந்தத் தொழிலில் சுலபமான காசு மெஷின் வாடகையில். மூச்சு வாங்குகிறது என்று யார் சொன்னாலும் ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிடலாம். மாசா மாசம் பணம் வரும், மெஷினும் 'டப் டப்' என்று கம்பீரமாகச் சத்தம் போடும். ஆனால் மூச்சு வாங்குகிற எல்லாருக்கும் ஆக்ஸிஜன் குறைவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிஜமாகவே தாழ்ந்திருப்பவருக்குத்தான் வீட்டு ஆக்ஸிஜன் பலன் தரும். சி.ஓ.பி.டி.காரருக்கு அளவு மீறினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி, மயக்கம் வரைக்கும் போகலாம். அவருக்கு 88-லிருந்து 92 சதவீதம் போதும் என்பது டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு. '100 காட்டணும்' என்று மருமகள் குமிழைத் திருகினால் தடுக்க வேண்டியதும் உங்கள் வேலை.

ஆகவே தொழிலில் இறங்கும் முன் ஒரே ஒரு வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள்: 'உங்களுக்கு மெஷின் வேண்டாம் பெரியவரே. டாக்டரிடம் காட்டிவிட்டு, இன்ஹேலரைச் சரியா இழுங்க, போதும்.' வரவிருக்கும் வாடகையை நினைத்து உங்கள் குரல் கொஞ்சமாவது நடுங்கினால்...

பிரியாணிக் கடையே உத்தமம். அதில் லெக் பீஸை அதிகமாக வைத்தால் யாருக்கும் மயக்கம் வராது.