டார்பூருக்காகத் தெருவில் இறங்குவோம்!

2025 அக்டோபர் 26 அன்று எல் பாஷர் விழுந்தது. சூடானின் மேற்கே, டார்பூரில், ராணுவத்தின் கையில் மிஞ்சியிருந்த கடைசிப் பெருநகரம் அது. பதினெட்டு மாத முற்றுகைக்குப் பிறகு ஆர்.எஸ்.எப். என்ற துணை ராணுவப் படை உள்ளே புகுந்தது. தப்பி ஓட ஒரு சந்தும் இருக்கக் கூடாது என்று முன்னதாகவே நகரைச் சுற்றி மண்மேடு எழுப்பியிருந்தார்கள். உள்ளே அகப்பட்டிருந்த இரண்டரை லட்சம் பேர் மாட்டுக்கு வைக்கும் பிண்ணாக்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நகரத்தின் சவூதி மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் துணைக்கு இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கொன்றவர்களே அதைக் கைபேசியில் படம்பிடித்துப் பரப்பினார்கள். தெருமண்ணில் படிந்த ரத்தக் கறையைச் செயற்கைக்கோள் படங்களில் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள்.

முற்றுகை, பட்டினி, மருத்துவமனைமேல் தாக்குதல், கொலையாளியின் கைபேசியிலிருந்து கசியும் காணொளி, வானத்திலிருந்து எடுத்த படம். இந்த வரிசையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2009இல் இலங்கையின் வன்னியிலிருந்து இவை ஒவ்வொன்றாக வந்தபோது, உலகம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டவர்கள் நாம். இன்று டார்பூர் மக்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கும் உலகத்தில் நாமும் இருக்கிறோம்.

இதை 'இரண்டு தளபதிகளின் சண்டை' என்று பத்திரிகைகள் சுருக்கி எழுதுகின்றன. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத் தளபதி புர்ஹானுக்கும் ஆர்.எஸ்.எப். தலைவர் ஹெமெத்திக்கும் இடையே வெடித்தது அதிகாரச் சண்டைதான். டார்பூரில் அதற்கு இன்னொரு முகம் உண்டு. 2003இல் அங்கே கிளர்ச்சி எழுந்தபோது கார்ட்டூம் அரசு ஜன்ஜாவீத் என்ற அரபுக் குதிரைப்படைக் கும்பலுக்கு ஆயுதம் கொடுத்து ஃபூர், மசாலித், சகாவா இன மக்கள்மேல் ஏவியது. மூன்று லட்சம் பேர் மாண்டார்கள் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. அந்தக் கும்பலுக்கே 2013இல் சீருடை மாட்டி ஆர்.எஸ்.எப். என்று பெயர் வைத்தார்கள். 2023இல் எல் ஜெனீனா நகரில் மசாலித் மக்கள் 10,000 முதல் 15,000 பேர் வரை கொல்லப்பட்டதாக ஐ.நா. நிபுணர் குழு கணித்தது. சாலைத் தடுப்புகளில் 'நீ எந்த இனம்' என்று கேட்டுக் கேட்டுச் சுட்டார்கள்.

ராணுவத்தின் கையும் சுத்தமில்லை. சந்தைகள்மேல் குண்டு போட்டது. நிவாரண லாரிகளுக்கு அனுமதி மறுத்தது. எல் பாஷர் விழுந்த அதே வாரத்தில் உலக உணவுத் திட்டத்தின் மூத்த அதிகாரிகள் இருவரை நாட்டைவிட்டு வெளியேற்றியது ராணுவத்தின் அரசு. ஆகவே தோழர்களே, நாம் எந்தத் தளபதியின் பக்கமும் இல்லை. பிண்ணாக்கு தின்ற மக்களின் பக்கம் நிற்கிறோம்.

அந்த மக்களைக் காப்பாற்ற வந்தவர்கள் என்ன செய்தார்கள்? புறப்பட்டுப் போனார்கள். 2007இல் டார்பூருக்கென அமைத்த ஐ.நா. - ஆப்பிரிக்க ஒன்றியக் கூட்டுப்படை 2020 டிசம்பர் 31 அன்று பணியை முடித்துக்கொண்டது. மக்கள் போகாதீர்கள் என்று மறியல் செய்தும் பயனில்லை. அடுத்த இரண்டு வாரத்துக்கெல்லாம் எல் ஜெனீனாவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2023 டிசம்பரில், போரின் நடுவிலேயே, சூடான் அரசு கேட்டுக்கொண்டது என்று ஐ.நா. அரசியல் தூதுக்குழுவையும் பாதுகாப்பு அவை கலைத்தது. 2008 செப்டம்பரில் கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் நின்று 'எங்களை விட்டுப் போகாதீர்கள்' என்று நம் மக்கள் மன்றாடியது நினைவிருக்கிறதா? அன்று போனது தவறு என்று ஒப்புக்கொள்ள ஐ.நா.வின் உள்ளக விசாரணைக்கு 2012 நவம்பர் வரை ஆயிற்று. அந்த அறிக்கையின் மை காய்ந்ததோடு பாடமும் காய்ந்துவிட்டது.

2024 ஜூன் 13 அன்று எல் பாஷர் முற்றுகையை நிறுத்து என்று பாதுகாப்பு அவை 2736ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பதினான்கு நாடுகள் ஆதரவு, ரஷ்யா மட்டும் வாக்களிக்கவில்லை. மீறினால் என்ன என்று அதில் ஒரு சொல் இல்லை. சரியாக 500 நாள் கழித்து நகரம் விழுந்தது.

இங்கே நம் தோழர்கள் சிலர் கேட்பார்கள்: மனிதாபிமானத் தலையீடு என்பது ஏகாதிபத்தியத்தின் முகமூடி அல்லவா? கேட்க வேண்டிய கேள்வி. 2011இல் மக்களைக் காப்பதாகச் சொல்லி லிபியாவில் குண்டுபோட்டவர்கள் ஆட்சியைக் கவிழ்த்தார்கள், நாடு சிதறியது. நமக்கு இதைவிடக் கிட்டத்து அனுபவமும் உண்டு. 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்து வானிலிருந்து இந்திய விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்டபோது மக்கள் கையசைத்து வரவேற்றார்கள். அமைதிப்படை என்று வந்தவர்கள் அதே ஆண்டு அக்டோபரில் யாழ் மருத்துவமனைக்குள் சுட்டார்கள். தலையீடு என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வரும் சந்தேகம் பட்டு வந்த சந்தேகம். அதை யாரும் கைவிட வேண்டாம்.

ஆனால் அந்தச் சந்தேகத்தைச் சாக்காக்கிச் சும்மா இருக்க முடியாது. ஏனென்றால் சூடானில் அந்நியர் தலையீடு ஏற்கெனவே மும்முரமாக நடக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் வழியே ஆர்.எஸ்.எப்.க்கு ஆயுதம் போவதாக ஐ.நா. நிபுணர்களும் மனித உரிமை அமைப்புகளும் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள்; அமீரகம் மறுக்கிறது. கொலம்பியாவின் முன்னாள் ராணுவ வீரர்கள் கூலிக்கு வந்து ஆர்.எஸ்.எப். பக்கம் சண்டை போடுகிறார்கள். எதிர்த்தரப்பு ராணுவத்துக்கு ஈரானிலிருந்தும் துருக்கியிலிருந்தும் ட்ரோன்கள் வருகின்றன. கொல்ல வருகிறவர்களுக்கு எல்லை திறந்திருக்கிறது, காக்க வருகிறவர்களுக்கு மட்டும் இறையாண்மை பேசப்படுகிறது. தலையிடாமை என்ற பெயரில் நாம் மௌனமாக இருந்தால், அது இந்தத் தலையீட்டுக்கு நாம் தரும் ஒப்புதல்.

இனித் தங்கத்துக்கு வருவோம். சூடானில் வெட்டும் தங்கத்தில் பெரும்பகுதி, முறைப்படியும் கடத்தலாகவும், துபாய்க்குத்தான் போய்ச் சேர்கிறது. டார்பூரின் ஜெபல் ஆமிர் சுரங்கங்களைப் பிடித்துத்தான் ஹெமெத்தி குடும்பம் பணம் சேர்த்தது. அந்தப் பணத்தில்தான் படை வளர்ந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அந்தக் கதை. 2022 மே 1 முதல் நடப்பில் உள்ள இந்திய - அமீரக வர்த்தக ஒப்பந்தம் அங்கிருந்து வரும் தங்கத்துக்கு ஓர் அளவுவரை சுங்கவரிச் சலுகை தருகிறது. உருக்கிய பின் எந்தத் தங்கம் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. தாலிக்குக் குண்டுமணித் தங்கம் வாங்கும் நாட்டில் இருந்துகொண்டு, டார்பூர் எங்கோ இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

முதலாவது, ஆயுதத் தடை. 2004 முதல் டார்பூருக்கு மட்டும் இருக்கும் ஐ.நா. ஆயுதத் தடையைச் சூடான் முழுமைக்கும் விரிவாக்கு. மீறி அனுப்பும் அரசுகளைப் பெயர் சொல்லித் தண்டி.

இரண்டாவது, காவல். மக்களைக் காக்கச் சார்பற்ற படை ஒன்று வேண்டும் என்று ஐ.நா. உண்மையறியும் குழு 2024 செப்டம்பரிலேயே பரிந்துரைத்தது. அதைக் கிடப்பிலிருந்து எடு. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் முன்கையில், ஐ.நா. ஆணையின் கீழ், அகதி முகாம்களிலும் தப்பி வரும் பாதைகளிலும் அது நிற்கட்டும். வல்லரசுகளின் குண்டு விமானம் வேண்டாம். ஆட்சிக் கவிழ்ப்பு வேலை வேண்டாம்.

மூன்றாவது, சோறு. சாட் எல்லை வழியாகவும் போர்முனைகளைக் கடந்தும் நிவாரணம் தடையின்றிப் போகட்டும். எல் பாஷரிலும் தெற்கே கடுக்லியிலும் பஞ்சம் உறுதியாகிவிட்டது.

நான்காவது, நீதி. டார்பூரில் 2003-04இல் நடந்த கொடுமைகளுக்காக ஜன்ஜாவீத் தளபதி அலி குஷைப் குற்றவாளி என்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 அக்டோபர் 6 அன்றுதான் தீர்ப்பளித்தது. இருபது ஆண்டு தாமதம். தீர்ப்பு வந்த இருபதாம் நாள் எல் பாஷர் விழுந்தது. நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் சூடான் முழுவதற்கும் நீட்டு.

இனி நம் வேலை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைக் கூட்டமாகப் போய்ப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் இந்தியா ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் மீண்டும் உறுப்பினராக இருக்கிறது. 2009 மே 27 அன்று இதே பேரவையில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானத்துக்கு இந்தியா கை தூக்கியது. இந்த முறை கை எந்தப் பக்கம் உயரும் என்று நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். அமீரகத் தங்கத்தின் பிறப்பிடச் சான்று பற்றியும் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். நகைக்கடை வாசல்களில் துண்டறிக்கை கொடுங்கள்.

துறைமுகத் தோழர்களே, இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதச் சரக்கைத் தொட மாட்டோம் என்று 2024 பிப்ரவரியில் உங்கள் சம்மேளனம் அறிவித்தது. அந்த உறுதி சூடானுக்கும் பொருந்தும் என்று சொல்லுங்கள். மாணவர்களே, நம் நாட்டுக் கல்லூரிகளில் படிக்கும் சூடான் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். மேடையில் முதலில் அவர்கள் பேசட்டும். கையில் காசு உள்ளவர்கள், எல் பாஷரிலிருந்து தப்பியவர்கள் குவிந்துள்ள தவீலாவில் மருத்துவம் பார்க்கும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கும் உலக உணவுத் திட்டத்துக்கும் அனுப்புங்கள். எந்த அரசும் எட்டிப் பார்க்காத தெருக்களில் சூடான் இளைஞர்களே கஞ்சித்தொட்டி வைத்து ஊரைக் காக்கிறார்கள். அவர்கள் பட்டினியோடு போராடும்போது நாம் வெறும் அனுதாபத்தோடு நிற்கக் கூடாது.

ஒரு ஊர்வலத்தால் போர் நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்காது. ஆனால் ஆயுதம் அனுப்புகிறவனுக்கும் தங்கம் வாங்குகிறவனுக்கும் இதுவரை எந்தத் தெருவிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த நிம்மதியைக் கெடுக்க நம்மால் முடியும். கடுக்லி நெடுங்காலம் முற்றுகையில் கிடந்தது. எல் ஒபெய்து நகர மக்கள் அடுத்தது தாங்கள்தானோ என்று அஞ்சி நிற்கிறார்கள். அந்த நகரங்கள் இன்னும் விழவில்லை. விழுந்த பின் மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு நாம் தேவையில்லை. இப்போதே கிளை கூட்டுங்கள், தீர்மானம் போடுங்கள், தெருவுக்கு வாருங்கள்!

டார்பூரில் இனக்கொலையை நிறுத்து!
ஆயுத வரத்துக்குத் தடை போடு!
சோற்றுக்கு வழி விடு!